ஏழு பெண்கள் நிற்கும் வட்டம்: ஆய்ச்சியர் குரவையில் ஓர் இசைப்பாடம்

தமிழிசையின் அடிப்படை என்றதும் நம் தேர்வுக் குறிப்புகளில் பெரும்பாலும் ஓர் அட்டவணைதான் வரும். ஒரு பக்கம் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம்; மறுபக்கம் ச, ரி, க, ம, ப, த, நி. மாணவர்கள் ஒரே மூச்சில் ஒப்பிச்சிடுவாங்க. "சரி, குரலுக்கும் இளிக்கும் என்ன உறவு?" என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே அமைதியாகிவிடும். தனியாக நிற்கும் சுரம் வெறும் ஒலிதானே? இன்னொன்றிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை வைத்துத்தான் அதற்குப் பெயரே வருகிறது.

இந்த உறவைத் தொடக்கநிலை மாணவனுக்குக் காட்ட ஆய்ச்சியர் குரவை அருமையான இடம். நாமோ அதைக் கதைக்கு நடுவே வரும் ஆட்டம் என்று தாண்டிப் போகிறோம். (அரங்கேற்று காதையிலிருந்து தொடங்காதீர்கள். அது தேர்ந்தவர்களுக்கானது; மாணவர்கள் மிரண்டுடுவாங்க.)

மதுரைக்கு வெளியே ஆயர்பாடி. பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் நீர். கேடு வருமோ என்று அஞ்சிய மாதரி, கண்ணகி காணக் குரவை ஆடச் சொல்கிறாள். ஏழு பெண்களை மேற்கிலிருந்து இடமுறையாக வட்டத்தில் நிறுத்தி ஏழு சுரப் பெயர்களையும் இடுகிறாள். பிறகு குரலை மாயவன் என்கிறாள், இளியைப் பலராமன் என்கிறாள், துத்தத்தை நப்பின்னை என்கிறாள். மற்ற நால்வருக்கும் இப்படிப் புதுப் பெயர் இல்லை.

ஏன் இந்த மூன்று? ஏன் இந்த வரிசையில்? வெறும் பக்தி என்றால் முதல் மூன்று பேருக்கே வைத்திருக்கலாமே! ஏழு மாணவர்களை வட்டமாக நிறுத்தி எண்ணிப் பாருங்கள். நிற்பவரையும் சேர்த்து எண்ணினால், குரலிலிருந்து ஐந்தாவது ஆள் இளி. இளியிலிருந்து விளரி, தாரம், குரல் என்று சுற்றி வந்தால் ஐந்தாவது துத்தம். இந்த ஐந்தாம் நரம்பைத்தான் பழைய உரைமரபு 'கிளை' என்கிறது. அது சொல்லும் கிளை வரிசை குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை. மாதரி பெயர் வைத்த மூவரும் அதன் முதல் மூவர். இளங்கோ தெரிந்தேதான் இப்படி அமைத்திருக்கிறார் என்பது என் கருத்து. யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதையும் விடாமல் சொல்கிறாரே!

அந்த வரிகளை உட்கார்ந்து படித்தால் வறட்சியாகத்தான் இருக்கும், மறைக்க வேண்டியதில்லை. இளங்கோ காரணத்தை விளக்குவதும் இல்லை. எழுந்து நின்று, கைகோத்து, எண்ணினால்தான் புரியும்.

கூடவே ஒரு கீபோர்டு இருந்தால் ச-வையும் ப-வையும் சேர்த்து அழுத்திக் காட்டுங்கள். இரண்டும் ஒட்டிப்போவது காதிலேயே விழும். வெள்ளைக் கட்டைகளிலேயே ஐந்தைந்தாக ஏறிப் போனால் நி-யிலிருந்து ம-வுக்குப் போகும் ஓரிடத்தில் மட்டும் ஒட்டாது. கெட்டிக்கார மாணவன் அதைக் கண்டுபிடித்துக் கேட்பான், கேட்கட்டும்.

குரல் என்பது ச-தானா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வட்டத்தில் எண்ணுவதற்கு அந்த வழக்கு தீரும்வரை காத்திருக்க வேண்டாம். அட்டவணையை அடுத்த பாடத்தில் கொடுக்கலாம். தேர்வுக்கும் "ஏழிசைப் பெயர்களை எழுதுக" என்பதோடு "மாதரி மூவருக்கு மட்டும் பெயர் மாற்றியது ஏன்?" என்று ஒரு கேள்வி சேர்த்துப் பாருங்கள்.