திருவண்டப்பகுதியும் அண்டத் தோற்றமும்

மார்கழி மாதத்தில் சிராங்கூன் சாலைப் பக்கத்து மண்டபங்களில் திருவாசகச் சொற்பொழிவு கேட்கும் அன்பர்களுக்கு இச்செய்தி புதிதன்று. பேரண்டம் விரிந்து செல்வதை மேனாட்டார் நேற்றுத்தான் கண்டனராம். மாணிக்கவாசகர் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே திருவண்டப்பகுதியில் அதனைக் கூறிவிட்டாராம். கரவொலி எழும். அக்கூட்டத்தில் அமர்ந்திருக்கும் பள்ளி மாணவன் மறுநாள் பௌதிக வகுப்பில் இதனைச் சொல்லத் துணிவானாயின் அவன் நிலை என்னாகும்? பாட்டைக் கொண்டே இக்கூற்றை ஆராய்வோம்.

திருவண்டப்பகுதி 182 அடிகளையுடைய அகவல். அதன் தொடக்கத்தில் அடிகள், உருண்டை வடிவினவாய் நூற்றொரு கோடிக்கு மேற்படப் பரந்து கிடக்கும் அண்டங்களைக் காட்டுகிறார். பின்னர் ஓர் உவமை. இல்லத்தினுள் நுழையும் ஞாயிற்றுக் கதிரில் நுண்ணிய தூசுகள் மிதக்குமன்றோ? இறைவன் பெருமைக்கு முன் அவ்வண்டங்கள் அத்தூசுக்கு நிகராம். அத்தாப்புக் கூரையின் பொத்தல் வழியே லயத்து வீட்டில் விழுந்த வெயிலை இளமையில் கண்ட தோட்டத்து முதியோர்க்கு இவ்வுவமையின் அருமையை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

தோற்றமும் ஒடுக்கமும் அங்கே பேசப்படினும், அண்டம் எவ்வாறு தோன்றிற்று என்னும் வரலாறு அப்பாட்டில் இல்லை. விரிதல் என்னும் சொல் ஆங்குளது, மெய். ஆயின் அடிகள் கருதியது பரந்து கிடத்தலை. 1929-இல் ஹப்பிள் அளந்து காட்டியதோ விண்மீன் மண்டலங்கள் அகன்று செல்லுதலை; தொலைவு மிகுந்தால் வேகமும் மிகும் என்பதை. சொல் ஒன்றாயின் பொருளும் ஒன்றாகிவிடுமா? கால் என்பது காற்றுக்கும் பெயர், உறுப்புக்கும் பெயர்!

தோற்ற முறை கூறும் பாட்டே வேண்டுமாயின் பரிபாடலை நாடலாம். கீரந்தையார் திருமாலைப் பாடிய இரண்டாம் பாடலில் வானிலிருந்து காற்றும், பின் தீயும், நீரும், நிலமும் முறையே தோன்றுகின்றன. நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம் என்னும் பேரெண்களால் ஊழிகள் எண்ணப்படுகின்றன. 1918-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த நூல். ஆயினும் மேடையில் எடுத்தாள்வார் அரியர். உலகின் வயது ஆறாயிரம் ஆண்டே என ஐரோப்பியர் சிலர் கணக்கிட்டதை நோக்க, காலத்தை இவ்வளவு துணிந்து எண்ணிய உள்ளம் வியக்கத்தக்கதே. எனினும் அது சிந்தனை, அளவையன்று. இன்று அறிஞர் கூறும் ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு என்பது, 1965-இல் பென்சியாசும் வில்சனும் அறிவித்த, விண்ணெங்கும் பரவிய பழங்கதிர்வீச்சைப் பிற்காலத்தார் நுணுகி அளந்து பெற்ற எண். அளவை திருந்தின் அவ்வெண்ணும் திருந்தும். பரிபாடலின் எண்ணைத் திருத்துவார் யார்? திருத்தத்தான் வேண்டுமா?

பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட லெமேத்தர் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார். 1951-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், அக்கொள்கை படைப்புக்குச் சான்று பகர்வதுபோற் பேசினார். மகிழ்ந்திருக்க வேண்டிய பாதிரியாரோ வருந்தினார். தம் கொள்கை சமய வினாக்களுக்குப் புறம்பானது என்பதே அவர் நிலை. பக்தியிற் குறைந்தவரல்லர் அவர்.

நம் சொற்பொழிவாளர்பால் எமக்குள்ள குறை வேறொன்றும் உண்டு. பேரின்பக் கடல் கார்முகிலாய் எழுந்து மழை பொழிய, தொண்டராகிய உழவர் அன்பை விதைத்த வயல் விளையும் நெடிய உருவகம் அதே பாட்டில் பின்னே வருகிறது. ஹப்பிளுக்கு அரைமணி நேரம் கொடுத்தவர், அவ்விடம் வந்ததும் நேரமில்லை என்று முடித்துவிடுகிறார்.