வாணாதிராயர் : ஒரு பட்டப்பெயரின் தோற்றமும் பரவலும்

தமிழர்க்குக் குடும்பப்பெயர் என ஒன்று இல்லை என்பர். தந்தை பெயரின் முதலெழுத்தே நம்மனோர்க்குப் போதுமானதாக இருந்து வருகின்றது. ஆயினும், சில குடிகளில் வழிவழியாக வரும் பட்டப்பெயர்கள் குடும்பப்பெயரின் தொழிலை முற்றச் செய்து நிற்றலை மறுத்தற்கில்லை. மழவராயர், சேதிராயர், காலிங்கராயர் முதலாயின அத்தகையன. அவ்வினத்துள் மிக அருகி வழங்குவது வாணாதிராயர் என்பது. வாணவராயர், வாணகோவரையர் என்பன அதனோடு ஒத்த வடிவங்கள்.

இக்கட்டுரை எழுந்த காரணத்தை முதற்கண் கூறுதல் தகும். முனைவர்ப் பட்டத்திற்கு ஆராயும் மாணவர் ஒருவர், தம் ஆய்வேட்டின் ஓர் இயலைச் சென்ற கோடைவிடுமுறையில் கே.கே. நகரிலுள்ள என் இல்லத்திற்குக் கொணர்ந்தார். வாணாதிராயர் என்பது அவர்தம் பாட்டனார் கையெழுத்தோடு சேர்த்து எழுதி வந்த பட்டம். இயலின் முகப்பில் ஒரு நிலப்படம் இருந்தது. கோலார்ப் பகுதியில் தொடங்கிய ஓர் அம்புக்குறி பாலாற்றங்கரை வழியாகத் திருவல்லத்தை அடைந்து, பெண்ணையைக் கடந்து ஆறகழூர் சென்று, அங்கிருந்து தெற்கே திரும்பி அழகர்மலையில் முடிந்தது. மாவலியின் மரபினர் ஆயிரம் ஆண்டுகள் நடந்து வந்த வழி அது என்றும், அவ்வழியின் இறுதியில் நிற்பது தம் குடி என்றும் அவர் முடிவு செய்திருந்தார்.

படம் அழகாகவே இருந்தது. அதில் குறித்த ஊர்கள் யாவும் உண்மையில் வாணர் பெயரோடு தொடர்புடையனவே. பிழை ஊர்களில் இல்லை. அவற்றை இணைத்த கோட்டில் உள்ளது. இதனை விளக்குவதே ஈண்டு நம் நோக்கம். மாணவரை மட்டும் குறை கூறுவதற்கும் இல்லை. சங்கப் பாடல்களில் வரும் சிறுகுடிக்குரிய வாணனை மாவலி மரபினன் என ஒரு சொல்லும் ஐயுறாது யானே பல்லாண்டு வகுப்பில் உரைத்திருக்கின்றேன்.

பெயரின் தோற்றம் குறித்து ஐயமில்லை. வடமொழியில் பாணன் என்பது மாவலியின் மகனாகிய அசுரன் பெயர். அது தமிழில் வாணன் என வழங்குவதைச் சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையிலேயே காண்கின்றோம். மாதவி ஆடிய பதினோராடலுள் சில, அவ்வசுரனது பேரூரில் நிகழ்ந்தனவாக ஆண்டுக் கூறப்படும். மணிமேகலையிலோ சோழன் தேவியாகிய சீர்த்தி என்பவள் மாவலி வழித்தோன்றலின் மகளாகச் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதையில் சுட்டப்படுகின்றாள். எனவே, மாவலி மரபு என்னும் உரிமைப்பாடு காப்பிய காலத்திலேயே தமிழ்ப் புலவரால் அறியப்பட்டிருந்தது. திருமால் மண்ணில் அழுத்திய அசுரனைத் தம் குலமுதல்வனாகக் கொள்வதில் ஒரு மன்னர்குடி பெருமை கண்டது வியப்பன்றோ! தோற்றவன் கொடையாளி என்னும் எண்ணமே அப்பெருமைக்கு அடிப்படை போலும்.

இவ்வாணர் கோலாரையும் சித்தூரையும் சூழ்ந்த நிலப்பகுதியில் ஆண்டனர். அந்நாடு பெரும்பாணப்பாடி எனவும், வடுகவழி எனவும் பெயர் பெற்றது. குடிமல்லத்திலும் திருவல்லத்திலும் அவர்தம் கல்வெட்டுக்கள் உள்ளன. வேலூரை அடுத்த திருவல்லம் அக்காலத்தே வாணபுரம் என வழங்கியது. உதயேந்திரத்துச் செப்பேடு ஒன்று அவர்தம் குலமுறையைத் தலைமுறை தலைமுறையாகக் கூறுகின்றது. இங்கு மட்டுமே குருதிவழி என்னும் சொல்லை நாம் அச்சமின்றி ஆளலாம்.

இனி, மாணவர் தம் இயலில் செய்த முதற் பிழை, ஒலியால் ஒத்த சொற்களை ஒன்றாகக் கொண்டமை. தமிழில் வாணன் என்னும் வடிவம் இருவேறு ஊற்றுக்களிலிருந்து வருகின்றது. ஒன்று, மேற்கூறிய பாணன் என்னும் வடசொல். மற்றொன்று, வாழ்நன் என்னும் தமிழ்ச்சொல் மருவியது. அம்பலவாணன் என்பது அம்பலத்தில் வாழ்பவன். குன்றவாணர் என்பார் குன்றில் வாழ்பவர். இவற்றுள் மாவலிக்கு இடமே இல்லை. இவ்விரண்டினொடு, யாழிசைக்கும் பாணன் என்னும் மூன்றாம் சொல்லும் வந்து கலந்தால் குழப்பத்திற்கு எல்லை ஏது? முதல் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழனது பொன்முடியைப் பறித்துப் பாணர்க்குக் கொடுத்தான் என அவன் மெய்க்கீர்த்தி கூறும். அப்பாணர் இசைப்பாணரோ வாணர்குலத் தலைவரோ என அறிஞர் இருதிறப்பட்டனர். பகைவன் முடியை இரவலர்க்கு ஈவது பாண்டியன் செருக்கிற்குப் பொருந்தும் என்பதனால் இசைப்பாணர் என்பதே எனக்கு உடன்பாடு. மாணவரோ மறுபொருளை ஐயத்திற்கிடமின்றி எடுத்தாண்டு, அம்புக்குறியைப் பாண்டிநாட்டிற்கு இழுத்து வருவதற்கு அதனையே கொளுவாகக் கொண்டார்.

சங்கத்து வாணன் நிலை என்ன? நற்றிணையில் நக்கீரர் பாட்டிலும், அகநானூற்றிலும் அவன் வருகின்றான். அங்கு வாணன் என்பது முன்னும் சிறுகுடி என்பது பின்னுமாக நிற்றலின், சிறுகுடியில் வாழ்நன் எனப் பொருள் கொள்ளுதல் இயலாது. வாழ்நன் ஆயின் அச்சொல் இறுதியிலன்றோ நிற்றல் வேண்டும்? ஆதலின் வாணன் என்பது ஒருவனது பெயரே. ஆனால், அவன் மாவலி மரபினன் எனப் பாடல் யாண்டும் கூறவில்லை. மேலும், வாணர் வடக்கிருந்து படிப்படியாகத் தெற்கே வந்தனர் எனக் கொள்வார்க்கு, அவ்வருகைக்குப் பல நூற்றாண்டு முன்னரே சங்கப் பாட்டில் நிற்கும் இவ்வாணன் துணையாகான், இடையூறே ஆவான்.

ஏகம்பவாணன் என்னும் பெயர் இன்னும் சுவையுடையது. ஆறகழூரிலிருந்து ஆண்டவனாகத் தமிழ்நாவலர் சரிதையிலும் தனிப்பாடல்களிலும் புகழப்படுபவன் அவன். ஏகம்பத்து வாழ்நன் எனப் பிரித்தால் அது கச்சி இறைவன் திருப்பெயர். வாணர்குலத்து ஏகம்பன் எனப் பிரித்தால் குலப்பெயர். பெயரிட்டவர் இரண்டனையும் எண்ணியே இட்டிருத்தல் கூடும். இத்தகைய பெயரை ஒரு பொருளில் மட்டும் அடைத்துவைப்பது புலமைக்கு அழகன்று.

ஈறுகளைக் கொண்டு காலம் வகுக்கவும் மாணவர் முயன்றிருந்தார். அரையர் என்பது தமிழ் வடிவம், ஆகவே பழையது; ராயர் என்பது விசயநகரக் காலத்தது என்பது அவர் கருத்து. அரசர் என்பது அரைசர், அரையர் என வந்ததும், ராசன் என்பது பிராகிருத வழியில் ராயன் ஆனதும் உண்மையே. எனினும், திருவல்லத்துப் பழங்கல்வெட்டுக்களிலேயே மாவலி வாணராயர் என்னும் வடிவம் உண்டு. விசயநகரம் தோன்றுதற்கு நானூறு ஆண்டுகளுக்கும் முற்பட்டன அவை. ஈறு காலத்தைக் காட்டாது.

இப்பெயரின் வரலாற்றில் திருப்புமுனை 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. முதற் பராந்தக சோழன் வாண மன்னர் இருவரை வேரோடு களைந்து, அவர் நாட்டைத் தனக்குத் துணைநின்ற கங்க மன்னன் இரண்டாம் பிருதிவிபதிக்கு அளித்தான். நாட்டோடு வாணாதிராசன் என்னும் பட்டத்தையும் அளித்தான். பராந்தகனது 9ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 915-16 அளவில், பொறிக்கப்பட்ட சோழசிங்கபுரக் கல்வெட்டில் அக்கங்கன் செம்பியன் மாவலி வாணராயன் எனப்படுகின்றான்.

இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். பெயர் வாணனுடையது, குருதி கங்கனுடையது, பெயருக்கு முன் நிற்கும் செம்பியன் என்னும் அடை கொடுத்த சோழனுடையது. பெயருக்கு உரியவர் களையப்பட்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே பெயர் பிறர்க்குப் போயிற்று. அன்று முதல் வாணாதிராயர் என்பது குலப்பெயர் மட்டும் அன்று. அரசன் கையிலுள்ள ஒரு பரிசில் ஆயிற்று. மாணவர் இக்கல்வெட்டைத் தம் இயலில் எடுத்துக்காட்டியிருந்தார். அதன் பொருளைத்தான் காணத் தவறினார்.

சோழர் ஆட்சியில் இது புதுமையும் அன்று. மூவேந்தவேளான் என்னும் பட்டம் பெற்ற அதிகாரிகள் எண்ணிறந்தோர். அவருள் எவரையும் மூவேந்தர் மரபினர் என்பார் இலர். இரண்டாம் இராசாதிராசன் காலத்தில் சோழநாட்டைக் காத்த பெருமான் நம்பிப் பல்லவராயர், தொண்டைநாட்டுக் காரிகைக் குளத்தூரினர் எனப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டுக் கூறுகின்றது; அவரைப் பல்லவ வேந்தர் வழியினர் என அக்கல்வெட்டுக் கூறவில்லை. முதற் குலோத்துங்கனுடைய படைத்தலைவன் நரலோகவீரனும் காலிங்கராயன். 13ஆம் நூற்றாண்டில் கொங்கில் கால்வாய் வெட்டியவரும் காலிங்கராயர். முன்னவன் மணவிலூரன், பின்னவர் கொங்கர். இவ்விருவரையும் இணைத்துக் கலிங்கத்திலிருந்து ஓர் அம்புக்குறி இடுவார் உளரோ?

பெண்ணையாற்றங்கரையில் வாணகோப்பாடி என ஒரு நாடு இருந்தது. சேலம் மாவட்டத்து ஆறகழூரைத் தலைமையாகக் கொண்ட மகதை மண்டலத்தில், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், இராசராசதேவன் பொன்பரப்பினான் வாணகோவரையன் சிறந்து விளங்கினான். திருவண்ணாமலைக் கோயிலில் பொன் வேய்ந்தமையால் பெற்ற பெயர் அது. இங்கும் இராசராசன் என்னும் சோழப்பெயர் முன்னிற்றல் காண்க. பாண்டிநாட்டிலோ, மாறைநாட்டுத் தஞ்சையை ஆண்ட வாணன் ஒருவன் பாண்டியனுக்குப் படைத்தலைவனாக இருந்தான். சிவகங்கை மாவட்டத்துத் தஞ்சாக்கூர் அவனது ஊர். அவன்மீது பொய்யாமொழிப் புலவர் பாடியதே தஞ்சைவாணன் கோவை. நம்பியகப்பொருளுக்கு இலக்கியமாக நாம் கற்பிக்கும் நூல். தஞ்சையில் வாழ்நன் எனப் பொருள் கூறி இவனை வாணர் வரிசையினின்று நீக்குவாரும் உளர். அது பொருந்தாது, ஊர்ப்பெயரின் சார்பின்றி வாணன் எனத் தனித்தும் அந்நூல் அவனை விளிக்கின்றது. எனினும், ஆறகழூர் வாணனுக்கும் தஞ்சாக்கூர் வாணனுக்கும் உறவு கற்பிப்பதற்கு அந்நூலில் இடமில்லை.

மதுரைக்கு வருவோம். 15ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதல் அழகர்கோயிலிலும் திருவில்லிபுத்தூரிலும் மாவலி வாணாதிராயர் கல்வெட்டுக்கள் தோன்றுகின்றன. அவருள் ஒருவன் திருமாலிருஞ்சோலை நின்றான் மாவலி வாணாதிராயன் உறங்காவில்லிதாசன். மதுராபுரி நாயகன், பாண்டிய குலாந்தகன் என்பன அவர்தம் விருதுகள். ஆனால், நெல்சன் 1868இல் வெளியிட்ட மதுரை நாட்டு வரலாற்றில் எடுத்தாண்ட பழங்குறிப்பு வேறொரு கதை கூறுகின்றது. பாண்டியன் ஒருவனுக்குக் காளையார்கோயில் நடனமாது அபிராமி என்பாளிடம் பிறந்த மக்களை இலக்கண நாயக்கர் 1451இல் கொணர்ந்து அரசமர்த்தினார் என்பது அது. பாண்டியன் மக்கள் தம்மைப் பாண்டிய குலத்துக்குக் கூற்றுவர் எனக் கூறிக்கொள்வரோ? கூறிக்கொள்ளார் எனின், குறிப்புப் பிழை. கூறிக்கொண்டனர் எனின், வாணர் என்னும் பெயர் இங்கும் குருதியைக் குறித்ததன்று. எவ்வழியிலும் அம்புக்குறிக்கு ஆதரவு இல்லை.

அழகர்மலை வாணாதிராயன் பெயரில் இன்னொன்றும் என் கருத்தை ஈர்த்தது. முன்னையோர் பெயருக்கு முன் செம்பியன் என்றும் இராசராசன் என்றும் சோழப்பெயர் நின்றது. இங்கு அவ்விடத்தில் நிற்பது அழகர் பெருமான் திருப்பெயர். பட்டம் கொடுக்கும் அரசன் மதுரையில் இல்லாத காலம் அது. விசயநகரம் நெடுந்தொலைவில் இருந்தது; பாண்டியர் தென்கோடியில் ஒதுங்கியிருந்தனர். தானே பெயர் சூட்டிக்கொண்டவன், கொடுத்தவன் இடத்தில் கடவுளை நிறுத்திக்கொண்டான் என்றே கருதுகின்றேன். மாவலியை அடக்கிய திருமாலே மாவலி வாணாதிராயனுக்கு முன்னடை ஆயினமை ஒரு விளையாட்டு.

இன்று இப்பெயர் வழங்கும் இடங்களை நோக்கின், பொள்ளாச்சியை அடுத்த சமத்தூர்ப் பாளையத்தார் கொங்கு வேளாளர். அவர் பட்டம் வாணவராயர். தஞ்சைப் பகுதியில் கள்ளர்குடிப் பட்டங்களுள் வாணாதிராயர் ஒன்று. இருதிறத்தாரும் மணவுறவு இல்லாதவர். இடையே தொலைவும் மிகுதி. ஒரு குடியினர்க்கே உரியது இப்பெயர் என நாட்ட முற்படுவார் மற்றவரைப் பொய்யர் ஆக்கவேண்டிவரும். இத்தகைய வழக்கு அண்மைக்காலத்தில் அச்சேறிய குலவரலாறுகள் பலவற்றில் சினத்தோடு நடைபெறுகின்றது. பல்கலைக்கழக ஆய்வேடுகள் அவற்றிற்குச் சான்றாக மேற்கோள் காட்டப்படுகின்றன. பரிசிலாக வந்த பெயர் எனக் கொள்ளின் இருவர் உரிமையும் கெடாது. வெவ்வேறு அரசர் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தலைவர்க்கு ஈந்த ஒரு சிறப்பை அவரவர் வழியினர் காத்துவருகின்றனர் என்க.

இவற்றையெல்லாம் மாணவரிடம் கூறியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அப்படியாயின் எங்கள் பாட்டனார் கையெழுத்திட்டது பொய்யா ஐயா?” என வினவினார். பொய்யன்று, அவர் முன்னோர் எவரோ எதற்கோ பெற்ற பெயர் அது, அந்த எதற்கோ என்பதைத் தேடுவதே ஆய்வு என்றேன். அடுத்த ஞாயிறன்று இருவரும் அழகர்கோயிற் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வடக்கே சென்று, கோயிற் கல்வெட்டுக்களை அச்சுப்படிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். திருத்திய இயல் இம்மாதம் என்னிடம் வந்தது. நிலப்படத்தில் அம்புக்குறிகள் இல்லை. ஊர்கள்தோறும் ஒரு புள்ளியும், அதனருகே பெயர் வழங்கிய ஆண்டும், பெயருக்கு முன் நிற்கும் அடையும் குறிக்கப்பட்டுள்ளன. சமத்தூர்க்கும் ஒரு புள்ளி உண்டு.