பரவலாக்கப்பட்ட சமூக ஊடகமும் சிதறிய மொழிச் சமூகமும்: மாஸ்டடான் குறித்த ஒரு மதிப்பீடு

சமூக ஊடகத்தில் உருவாகும் குழுக்கள் பெரும்பாலும் தனியொரு நிறுவனத்தின் வழங்கிகளையும் விதிகளையும் சார்ந்தே இயங்குகின்றன. 2022 அக்டோபரில் ட்விட்டர் நிறுவனம் ஈலான் மஸ்கின் உடைமையானபோது இச்சார்பின் இடர் வெளிப்பட்டது. பயனர் பலர் மாஸ்டடானை நாடினர். ஆய்கன் ரோக்கோ 2016இல் வெளியிட்ட இத்திறமூல மென்பொருளை எவரும் தம் வழங்கியில் நிறுவலாம். வெவ்வேறு வழங்கிகள், உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2018இல் பரிந்துரைத்த ஆக்டிவிட்டிபப் நெறிமுறையின் வழியே ஒன்றோடொன்று இணைகின்றன. உரிமையாளர் பலராகும்போது அதிகாரம் பயனரிடம் சேரும் என்பது இதனை ஆதரிப்போர் கூற்று. பல நாடுகளில் சிதறி வாழும் மொழிச் சமூகங்களுக்கு இக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

இவ்வமைப்பின் வலிமை மறுக்கத்தக்கதன்று. வெறுப்புப் பேச்சுக்கு இடமளிப்பதாகக் கண்டிக்கப்பட்ட கேப் தளம் 2019இல் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியபோது, வழங்கி நிருவாகிகள் பலர் அதனுடனான தொடர்பைத் துண்டித்தனர். மைய ஆணை ஏதுமின்றியே சமூகங்கள் தம்மைக் காத்துக்கொண்டன. ஆயினும் அவ்வுரிமை நிருவாகியுடையது; பயனருடையதன்று. இரு நிருவாகிகள் பிணங்கித் தொடர்பறுத்தால், அவ்விரு வழங்கிகளிலும் உள்ளோரிடையே வளர்ந்த உறவும் அறுந்துபோகிறது. எனவே அதிகாரம் பலரிடம் பிரிந்ததேயன்றி, பயனரைச் சென்றடைந்ததாகக் கொள்ள இயலாது.

அடுத்தது, ஒருவரையொருவர் கண்டறிதல். ஒரு வழங்கி, பெரும்பாலும் தன் உறுப்பினர் பின்தொடரும் கணக்குகளின் பதிவுகளையே பெறுகிறது. குறிச்சொல் தேடலும் அவ்வாறு வந்துசேர்ந்தவற்றுக்குள்ளேயே நிகழ்கிறது. நார்வேயிலுள்ள சிறிய வழங்கியொன்றில் சேரும் தமிழர், கனடாவிலும் மலேசியாவிலும் தமிழில் எழுதப்படுவனவற்றைக் காணாமலே இருந்துவிடக்கூடும். ஊராலோ துறையாலோ அமையும் குழுவுக்கு ஏற்ற இவ்வமைப்பு, மொழியால் இணைந்து நாடுகளால் பிரிந்த குழுவுக்கு இடையூறாகிறது.

மூன்றாவது, நினைவு. கணக்கை வேறு வழங்கிக்கு மாற்றுவோர் தம்மைப் பின்தொடர்வோரை உடன்கொண்டு செல்லலாம். பழைய பதிவுகளை அங்ஙனம் கொண்டு செல்ல இயலாது. பல வழங்கிகள் ஓரிரு தன்னார்வலரின் பொருளாலும் உழைப்பாலும் நடப்பதால், அவர்தம் சோர்வே ஒரு சமூகத்தின் முடிவாகலாம்.

தமிழ்க் கணிமை வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாடு, எழுத்துருக் குறியேற்றங்களின் பன்மையால் விளைந்த இடர்ப்பாட்டை எதிர்கொண்டது. பின்னர் ஒருங்குறி பரவியதால் ஒருவர் எழுதியதைப் பிறர் தடையின்றிப் படிக்க முடிந்தது. எனினும் தரப்பாடு தந்தது படிக்கும் வாய்ப்பை மட்டுமே. படிப்பதற்குரிய நூல்களைத் தந்தது, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்றவற்றில் பல நாட்டுத் தன்னார்வலர் ஆண்டுக்கணக்கில் செலுத்திய உழைப்பாகும். நெறிமுறைக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவும் இத்தகையதே.

ஆதலின், பரவலாக்கத்தையே சமூகமாகக் கொள்வது பொருந்தாது. தமிழுக்கென வழங்கி நிறுவ முனைவோர், மென்பொருளைத் தேர்வதற்கு முன்னரே, பொறுப்பைப் பலரிடம் பகிர்தல், செலவைப் பங்கிடல், தொடர்பறுக்கும் முடிவை உறுப்பினரோடு கலந்து எடுத்தல், பதிவுகளைக் காலமுறையில் படியெடுத்துக் காத்தல் ஆகியவற்றை வரையறுத்தல் வேண்டும். இவை இல்லாதவிடத்து, ஒரு பெருநிறுவனத்தைச் சார்ந்திருந்த நிலை ஒரு தனிமனிதரைச் சார்ந்த நிலையாக மாறுமேயன்றி, வேறு பயன் விளையாது.