தட்டும் டம்ளரும்

பிடித்த இசைத்தட்டுகளைப் பற்றி எழுதச் சொன்னால் நம்மில் பலர் தட்டை விட்டுவிட்டுத் தம்மைப் பற்றி எழுத ஆரம்பித்துவிடுகிறோம். எந்த மழை, எந்த மாடிப்படி, உடன் இருந்தது யார் என்பதெல்லாம் வந்துவிடும். பாடியவர் என்ன செய்தார் என்பது மட்டும் வராது. ப்ரூஸ்டின் ஸ்வானுக்கு நேர்ந்ததும் இதுதான். வாந்தெயின் ஸொனாட்டாவில் வரும் ஒரு சிறு பகுதி ஓடெத் மீது அவன் கொண்ட காதலின் அடையாளமாகிவிடுகிறது. பிறகு அவன் கேட்பதெல்லாம் அவளைத்தான். அந்த இசை தன்னை எங்கே அழைத்தது என்பது கடைசிவரை அவனுக்குத் தெரியாமலே போயிற்று. ஞாபகக் கட்டுரைக்கு ப்ரூஸ்டைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

என் கதை இன்னும் மோசம். என்னிடம் இருந்தது என் ஞாபகம்கூட இல்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி நிறைய எம்.கே. தியாகராஜ பாகவதரின் தட்டுகள். பெரிய தாத்தா வாங்கியவை. கிராமபோன் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டது. தட்டுக்குப் பதிலாகத் தாத்தா சொல்வார்:

‘பாகவதர் ஜெயில்ல இருக்கார். இங்க பதிமூணு நிலைக் கோபுரத்து நிழல் காபி கிளப் வாசல் வரைக்கும் விழுந்திருக்கு. உள்ள ஹரிதாஸ் தட்டு ஓடறது. ஒருத்தரும் டம்ளரைக் கீழ வைக்கலை.’

நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஹரிதாஸ் பாட்டு எங்கே ஒலித்தாலும் அந்த நிழல் என்மேலும் விழும். அதைத்தான் ரஸனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு. ஒரு நாள் இதற்கும் பார்த்தேன். ஹரிதாஸ் வெளிவந்தது 1944 தீபாவளிக்கு. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அந்த வருஷம் முடிவதற்குள் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். விடுதலையானது 1947இல். தாத்தா பிறந்தது 1941. அதைவிட, அந்த வருஷங்களில் தெற்கே நின்றது மொட்டைக் கோபுரம். பதின்மூன்று நிலையும் முடிந்து அது ராஜகோபுரமானது 1987இல்.

கேட்டேன். தாத்தா கோபித்துக்கொள்ளவில்லை. ‘எங்க அண்ணா சொன்னதா இருக்கும்’ என்றார். சற்றுப் பொறுத்து, ‘ஆனா டம்ளரை நான் பார்த்தேண்டா.’

அதற்குப் பிறகுதான் நான் பாகவதரைக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம். ஆலாபனைக்கு இடமில்லை என்று தெரிந்த பாடகர், ராகத்தின் முகத்தை எடுப்பிலேயே காட்டிவிட்டு ஓடுகிறார். ஹரிதாஸில் சாருகேசி அப்படித்தான் வருகிறது. அந்த ராகம் பின்னால் பரவலானதில் அந்தப் பாட்டுக்குப் பங்குண்டு. பாபநாசம் சிவனின் சொற்கள் ஒன்றுகூடச் சிதையாமல் விழுகின்றன. ஆனால் மேல் ஸ்தாயியில் இருக்கும் தைரியம் கீழே இல்லை. பக்திக்கும் சிருங்காரத்துக்கும் அதே பிருகாதான். சாரீரம் இருக்கிறதே என்பதற்காகப் பாவத்தைக் காக்கவைக்கும் குறை அது. திருச்சிக்காரர்கள் நாங்கள் எங்கள் ஊர்க்காரர் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

இன்னொன்றும் காதில் விழுந்தது. சிறையில் குரல் போய்விட்டது, அதனால்தான் பிறகு எடுபடவில்லை என்பார்கள். வெளியே வந்தபின் நடித்த ‘ராஜமுக்தி’யின் (1948) பாட்டுகளை ஹரிதாஸுக்கு அடுத்து வைத்துக் கேட்டால் இந்தக் கதை நிற்காது. குரல் இருக்கிறது. படம்தான் ஓடவில்லை; அடுத்து வந்தவற்றாலும் பழைய இடம் திரும்பவில்லை. 1959இல், 49 வயதில் இறந்தார். குரல் போனதாகச் சொல்லிவிட்டால் கேட்டவர்கள் போனதைச் சொல்ல வேண்டியதில்லை. டம்ளரைக் கீழே வைக்காத அந்தக் கூட்டம் 1948இல் எங்கே போயிற்று என்று காபி கிளப் ஞாபகம் கேட்பதில்லை. நானும் அதுவரை கேட்டதில்லை.

தாத்தா போன பிறகு பரணிலிருந்து பெட்டியை இறக்கிப் பார்த்தேன். சிந்தாமணி, அசோக்குமார், சிவகவி, ஹரிதாஸ். ஹரிதாஸில் ஒரே தட்டு இரண்டு பிரதி. ராஜமுக்தி ஒன்றுகூட இல்லை.