பிரசங்கம் கேட்கப் பழகுதல்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், எங்கள் தர்மபுரத்தில் வசிக்கிற எவருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒலிபெருக்கி வழியாக ஒரு பிரசங்கமாவது காதில் விழாமற் போகாது. ஆயினும், காதில் விழுவதையே கேட்பதென்று கருதிக்கொண்டு, "அது வேதக்காரருடைய சங்கதி" என்று யன்னலைச் சாத்திவிடுகிற என் அயலவர்களைப் பார்க்கும்போதெல்லாம், கோயில் வீதியில் அருமையான மேளக் கச்சேரி நடந்துகொண்டிருக்கையில் அதற்கு முதுகைக் காட்டி நின்று கச்சான் கொறிக்கிறவனைப் பார்த்த எரிச்சலே எனக்கு உண்டாகிறது. நான் சைவன், தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன், நெற்றியில் திருநீற்றோடு போய்ப் பின்வாங்கில் இருந்து ஏறக்குறைய நாற்பது வருஷமாகக் கிறிஸ்தவப் பிரசங்கம் கேட்டு வருகிறேன். இதுவரை என்னை ஒருவரும் எழுப்பிவிட்டதுமில்லை, தண்ணீரில் முழுக்கிவிட்டதுமில்லை.

மதமாற்ற உபாயமென்று இதனை ஒதுக்குகிற சைவ அன்பர்களுக்கு ஒரு சரித்திரத்தை ஞாபகப்படுத்துவது என் கடமை. யாழ்ப்பாணத்து மெதடிஸ்த ஆங்கிலப் பாடசாலையிற் கற்று, பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பிலே துணைநின்ற ஆறுமுக நாவலர், 1847 டிசெம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தைத் தொடங்கியபோது, கையிலெடுத்த ஆயுதம் எதிரணியின் ஆயுதமே. ஒரு பொருளை எடுத்து, சபையை நேரே விளித்து, வசனநடையில், கேட்பவன் வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியது இன்னதென்று முடிக்கிற அந்த வடிவத்தை அவர் பாதிரிமாரிடம் படித்தார்; படித்ததை அவர்களுக்கே திருப்பியடித்தார். நமது மேடைப் பேச்சு முழுவதற்கும் வேர் புரொட்டஸ்தாந்துப் பிரசங்கத்திலே இருக்கிறதென்று பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அப்படியிருக்க, பட்டிமன்றத்துக்குப் பாய் விரித்துக் காத்திருக்கிறவர்கள் அதன் பாட்டனுடைய வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்பது எந்த நியாயத்திற் சேர்ந்ததோ அறியேன்.

அடிப்படைகளை விரைந்து சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கர் கோயிலில் இது மறையுரை; பூசையிலே நற்செய்தி வாசகத்துக்குப் பின் வரும்; பத்துப் பன்னிரண்டு நிமிஷம். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் முன்கூட்டியே வகுக்கப்பட்டவையாதலால், சுவாமியார் தமக்கு இஷ்டமானதை மட்டும் பொறுக்கியெடுக்க முடியாது. மெதடிஸ்த ஆலயத்திலும் தென்னிந்தியத் திருச்சபையிலும் பிரசங்கம் அரைமணி வரை போகும். பழைய போதகர்களிடம் மூன்று தலைப்புகள் தவறாமல் இருக்கும். பெந்தெகொஸ்தே சபைகளில் 'செய்தி' என்பார்கள். அது ஒருமணிக்குள் முடிந்துவிட்டால் பாஸ்டருக்குச் சுகமில்லையென்று அர்த்தம். ஒரு வேதாகமத்தை இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். வாசித்த வசனத்துக்கு முன் பத்து வரியும் பின் பத்து வரியும் படியுங்கள். எதிலே தொடங்குவதென்று கேட்டால் பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையிலே தொடங்குங்கள் என்பேன். பேரு நாட்டு லீமா நகரத்துச் சேசு சபையார் பதினேழாம் நூற்றாண்டிலே தொடங்கிவைத்த இந்த வழக்கத்தில், சிலுவையிலே சொல்லப்பட்ட ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு தியானங்கள் உண்டு. அவற்றை நம்முடைய ஆலயங்களில் பெரும்பாலும் வெவ்வேறு பேர் ஒருவர் பின் ஒருவராக நிகழ்த்துவார்கள். ஒரே நண்பகலில் நல்லதையும் நடுத்தரத்தையும் கொட்டாவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிற பாக்கியம் வேறெங்கும் கிடைக்காது. மற்றவை போகப் போகத் தெரியும்.

இனி, தெரிந்துகொள்ள வேண்டிய ஒரேயொரு விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்தவப் பிரசங்கங்கள் உலகத்தில் எத்தனை கோடி இருந்தாலும் அவை இரண்டே ஜாதி: 'ஆகையால்' பிரசங்கம், 'செய்தால்' பிரசங்கம். கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்ற பேதமெல்லாம் இதற்குமுன் ஒன்றுமில்லை.

இரண்டு சொல்லும் 'ஆல்' என்றே முடிகின்றன. காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கிற இந்த இரண்டும் இலக்கணத்திலே முற்றும் வேறானவை. 'ஆகையால்' என்பதில் நிற்பது ஏதுப்பொருளில் வருகிற வேற்றுமையுருபு. ஒரு காரியம் ஏற்கெனவே ஆகிவிட்டது, அந்த ஆகையே காரணமாக இன்னொன்று பின்னே வருகிறது. 'செய்தால்' என்பதில் நிற்பதோ நிபந்தனையைக் காட்டுகிற எச்சத்தின் ஈறு. ஒன்றும் இன்னும் ஆகவில்லை. நீ செய்தால் ஆகும், செய்யாவிட்டால் ஆகாது. முன்னது கையிலே கிடைத்துவிட்ட பொருளைப் பற்றிப் பேசுகிறது. பின்னது கடையிலே விலை பேசுகிறது.

இப்போது பவுலுடைய நிருபங்களை எடுத்துப் பாருங்கள். உரோமருக்கு எழுதியதில் முதற் பதினொரு அதிகாரம் கடவுள் செய்து முடித்ததைச் சொல்லிவிட்டு, பன்னிரண்டாவதிலேதான் மனிதன் எப்படி நடக்கவேண்டுமென்று திரும்புகிறார். திரும்புகிற இடத்திலே பழைய தமிழ் வேதாகமம் 'அப்படியிருக்க' என்று ஒரு சொல்லை வைக்கிறது. எபேசியருக்கு எழுதியதில் மூன்று அதிகாரம் கழிந்து, நான்காவதின் வாசலிலே 'ஆதலால்' என்று நிற்கிறது. பிலிப்பியருக்கு எழுதியதில், இரட்சிப்பு நிறைவேறப் பயத்தோடும் நடுக்கத்தோடும் பிரயாசப்படச் சொல்கிற அந்தப் பிரசித்தமான வசனமும், கிறிஸ்து தம்மைத் தாழ்த்திய வரலாற்றுக்குப் பின்னே, 'ஆதலால்' என்றுதான் ஆரம்பிக்கிறது. ஒரு பிரசங்கி அந்தச் சொல்லை விழுங்கிவிட்டுப் 'பயம், நடுக்கம்' என்று மட்டும் கர்ச்சித்தால், அவர் வசனத்தைப் பிரசங்கிக்கவில்லை, அதன் வாலைப் பிடித்துச் சுழற்றுகிறார் என்று தயங்காமல் முடிவு செய்துகொள்ளலாம்.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். உபாகமத்தின் இருபத்தெட்டாம் அதிகாரத்திலே, கேட்டு நடந்தால் ஆசீர்வாதம், நடவாவிட்டால் சாபம் என்று நிபந்தனைகள் அடுக்கடுக்காக வரவில்லையா? வருகின்றன, 'செய்தால்' பிரசங்கிகளுக்கு அது வற்றாத கிணறு. ஆனால் பத்துக் கட்டளைகள் எப்படித் தொடங்குகின்றனவென்று பாருங்கள்: எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து உன்னைக் கொண்டுவந்தவர் நான் என்ற செய்திக்குப் பிறகே முதலாவது கட்டளை வருகிறது. விடுதலை முந்தியது, சட்டம் பிந்தியது. அந்த முகவுரையை மறந்து உபாகமத்துக்குப் பாய்கிறவர், கடன் பத்திரத்தின் வட்டியை மட்டும் வாசித்து முதல் யாருடையதென்று சொல்லாத தரகருக்கு ஒப்பானவர். யாக்கோபு, கிரியையில்லாத விசுவாசம் செத்ததென்று சொன்னதும் இதற்கு விரோதமன்று; உயிர் இருப்பதால் மூச்சு வருகிறதேயன்றி, மூச்சுவிடுவதை விலையாகக் கொடுத்து எவனும் உயிரை வாங்கிக்கொள்வதில்லை.

வைணவர்களுடைய மர்க்கட நியாயமும் மார்ஜால நியாயமும் இதுவேயல்லவா என்று சிலர் கேட்பார்கள். தாயை இறுகப் பற்றிக்கொள்கிற குரங்குக்குட்டியும், தாயாற் கவ்விக்கொண்டு போகப்படுகிற பூனைக்குட்டியும் அழகான உபமானங்கள்தான். ஆயினும் அங்கே கேள்வி, பற்றுகிறவர் யார் என்பது. இங்கே கேள்வி, எது முந்தியது என்பது. இவ்விரண்டையும் குழப்பாதீர்கள். 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணத்து முதலாவது பேராயராகிய சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருட்கொள்கையை ஒப்பிட்டு ஒரு பெருநூலையே ஆங்கிலத்தில் எழுதினார். தமிழ் வேதாகமத்தின் வரலாற்றையும் அவரே எழுதினார். அருளை இவ்வளவு ஆராய்ந்த ஒருவர் வாழ்ந்த நாட்டிலே, அருளை விலைப்பட்டியலாக்கிச் சுவரொட்டி அடிக்கிறார்கள்.

பயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கர்த்தருக்குப் பயப்படுதல் என்றவுடனேதான் புதியவர்கள் எழுந்து ஓடுகிறார்கள். அஞ்சவேண்டியதற்கு அஞ்சுவதை வள்ளுவர் அறிவுடைமையிலே வைத்தார் என்பதை ஓடுகிறவர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். 'செய்தால்' பிரசங்கத்திலே பிறக்கிற பயம் பொலிஸைக் கண்ட பயம். வாசலைக் கடந்தால் தீர்ந்துபோகும். 'ஆகையால்' பிரசங்கத்திலே பிறப்பது, விலைமதிப்பற்ற ஒன்றை இரவலாகக் கையில் வாங்கியவன், அது நழுவிவிடக்கூடாதே என்று நடக்கிற நடையிலே தெரிகிற பயம். அது வீட்டுக்கும் கூடவே வரும். இதனைத்தான் நம்முடைய பழைய கிறிஸ்தவர்கள் பயபக்தி என்ற ஒரே சொல்லாற் சொன்னார்கள். இரண்டையும் பிரித்தால் இரண்டும் கெட்டுவிடும்.

எதனை ஆழமற்றதென்று கருதவேண்டும் என்று கேட்டால், எனக்குத் தாட்சண்யம் கிடையாது. பின்னணியிலே கீபோர்ட் வாசிக்க, அழவேண்டிய இடத்தில் சுருதி இறங்குகிற பிரசங்கம் ஆழமற்றது; அழுகை வசனத்திலே இருந்தால் வாத்தியம் எதற்கு? வன்னியிலே பிறந்து வளர்ந்த பாஸ்டர், மேடையேறியவுடன் சென்னைத் தொலைக்காட்சிப் பிரசங்கியின் குரலைக் கடன்வாங்கிப் பேசுவது, வேட்டிக்கு மேலே கோட்டுப் போட்டதுபோலல்ல, கோட்டை மட்டும் போட்டதுபோல. கைபேசியில் ஒரு நிமிஷத் துண்டுகளாகப் பிரசங்கம் கேட்கிற இளைஞர்களைக் குறித்து மிகவும் வருந்துகிறேன்: ஒரு நிமிஷத்துக்குள் 'செய்தால்' அடங்கும், 'ஆகையால்' அடங்காது, ஏனெனில் அதற்கு முன்னே ஒரு கதை சொல்லப்பட்டிருக்கவேண்டும். யாழ்ப்பாணத்து மெதடிஸ்தரான டி. டி. நைல்ஸ், 1948இலே ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகளின் மன்றம் முதன்முறை கூடியபோதும், 1968இலே, கொல்லப்பட்ட மார்ட்டின் லூதர் கிங்குடைய இடத்தில் உப்சாலாவிலும், உலகத்தை இருத்திவைத்துப் பிரசங்கித்தார். அவரை எந்தத் துண்டுக்குள் அடைப்பீர்கள்?

இவ்வளவு கோபம் எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். ஆதலால், வாத்தியாருடைய பிரம்பைக் கீழே வைத்துவிட்டு ஒன்றைச் சொல்லுகிறேன். 2009 ஜனவரியிலே, போரில் கிளிநொச்சி விழுந்தபின் சனம் கிழக்கே நகர்ந்தது இந்த வீதியால்தான். அதே மாதத்திலே தர்மபுரமும் விழுந்தது. விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம் என்று ஒவ்வொரு இடத்திலும் பங்கர் வெட்டி, தறப்பாள் கட்டி, அவிழ்த்து, மறுபடியும் கட்டியவர்கள் நாங்கள். மீள்குடியேறிய காலத்தில், வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கி, இங்கே ஒரு கொட்டகையில், விசுவாசித்தால் கர்த்தர் காப்பார், விசுவாசித்தவர்களைக் காத்தார் என்று கைதட்டலோடு பேசினார். அந்த 'ஆல்'களைத் தலைகீழாக்கிப் பார்க்க எங்களுக்கு இலக்கணம் தேவைப்படவில்லை. என் பக்கத்திலே, பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாய், தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் கதிரையை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் எழுந்து போய்விட்டார்.

அதே கதிரையை வேறொரு நாள், வேறொரு ஆலயத்திலே கண்டேன். அன்றைக்கு எடுத்துக்கொண்ட பகுதி எபிரெயர் நிருபம். பதினோராம் அதிகாரத்து விசுவாசிகளின் பெயர்ப்பட்டியலைப் பிரசங்கிகள் வழக்கமாகச் சிங்கங்களின் வாயை அடைத்தவர்களோடு நிறுத்திக்கொள்வார்கள், அன்றைய பிரசங்கியோ நிறுத்தவில்லை, வாளால் அறுப்புண்டவர்களையும், குகைகளில் அலைந்தவர்களையும், வாக்குப்பண்ணப்பட்டதைப் பெறாமலே போனவர்களையும் ஒவ்வொருவராக வாசித்தார். அதிகாரம் முடிந்தும் அவர் முடிக்கவில்லை; அதிகாரப் பிரிவுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்தவையென்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். பன்னிரண்டாம் அதிகாரத்தின் முதற் சொல்லாகிய 'ஆகையால்' என்பதைச் சொல்லி, நான் எண்ணிப் பார்த்தேன், ஏழெட்டு விநாடி பேசாமலிருந்தார். பிறகு அந்த அதிகாரத்தின் கடைசிக்குப் போனார். அங்கேயும் ஒரு 'ஆதலால்' உண்டு: அசையாத ஒன்றைப் பெற்றுக்கொள்ளுகிறவர்களாதலால் பயத்தோடும் பக்தியோடும் தொழுவோம் என்பது அதன் சாரம். வீடு, வீதி, ஆஸ்பத்திரி, கோயிற்கோபுரம் அனைத்தும் அசைந்ததைக் கண்ட சனத்துக்கு முன்னே, எது அசையவில்லை என்று அவர் விளக்கப் புகவில்லை. ஏன் நடந்தது என்றும் சொல்லவில்லை. அந்தத் தாய் கடைசிவரை இருந்தார். அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை, பார்ப்பது மரியாதையுமல்ல.

நான் இன்னும் சைவன்தான். என்னை மாற்றிவிடலாமென்று சில காலம் முயன்ற பாஸ்டர் ஒருவர் இப்போது கைவிட்டுவிட்டு, பிரசங்கம் முடிந்ததும், "மாஸ்டர், எப்படி?" என்று ஓர் அபிப்பிராயம் கேட்கிற அளவுக்கு வந்திருக்கிறார். பின்வாங்கிலே யன்னலோரம் எனக்குப் பக்கத்தில் இடம் எப்போதும் காலி, வருகிறவர்கள் வரலாம். வீட்டில் என் மனைவிக்கும் இந்தப் பேதம் பழகிப்போய்விட்டது. போன ஞாயிறு நான் படலையைத் திறக்கும்போதே, "என்னப்பா, இண்டைக்கு ஆகையாலோ, செய்தாலோ?" என்று குசினியிலிருந்து கேட்டாள். முதற் கால்மணி நேரம் நல்ல ஆகையால், பிறகு கீழே விழுந்துவிட்டது என்றேன்.

"அப்ப அந்தக் கால்மணியோட எழும்பி வந்திருந்தால் புட்டு ஆறியிருக்காதே."