மீட்டர் பதில் தராதபோது

நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில், திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாட்டோடுதான் பட்டறைகள் மீண்டும் ஓடின. 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் ஆன்லைன் கண்காணிப்பைக் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட கண்காணிப்பில் மீட்டருக்கும் சர்வருக்கும் நடுவே ஒரு சிறு நிரல் இருக்கும். ஃப்ளோ மீட்டரிடம் அளவு கேட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது அதன் ஒரு வேலை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை சராசரியை அனுப்புவது இன்னொன்று.

பதில் வரும்வரை நகராத சாதாரண 'ரீட்' கட்டளையை எழுதினால் முதல் வேலை இரண்டாவதை விழுங்கிவிடும். கேபிள் அறுந்தால் நிரல் அங்கேயே நின்றுபோகும், அனுப்புவதும் நின்றுவிடும். கோளாறு மீட்டரிலா, இணையத்திலா, யாராவது சுவிட்சை அணைத்தார்களா என்று எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரியாது.

இதற்கு வழக்கமான மருந்து டைம்அவுட். 1983-இல் யூனிக்ஸின் 4.2பிஎஸ்டி பதிப்போடு வந்த 'செலக்ட்' இன்றும் அதைச் செய்கிறது: தரவு வந்தால் எழுப்பு, குறித்த நேரம் தீர்ந்தாலும் எழுப்பு. எல்லாம் ஒரே சுற்றில் நடப்பதால், ஒரே தரவை இரு வேலைகள் ஒருசேரத் தொடாமல் தடுக்கும் பூட்டுகள் வேண்டாம். பிழை தேடுவதும் எளிது. ஷிப்ட் மெக்கானிக்கூடப் பதிவேட்டை வரிசையாகப் படித்து நடந்ததைப் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் இம்முறையில் மூன்று ஓட்டைகள் உண்டு. முதலாவது, தரவு வரும்போதெல்லாம் டைம்அவுட்டைப் புதிதாகத் தொடங்கினால், இடைவிடாமல் பேசும் மீட்டர் அனுப்பும் நேரத்தை வரவே விடாது. இரண்டாவது, அனுப்பி முடித்தபின் 15 நிமிடம் எண்ணத் தொடங்கினால் நேரம் வழுக்கும். அனுப்ப 20 விநாடி ஆனால் நாளொன்றுக்கு 96 பதிவுகளுக்குப் பதில் 93தான் நிறையும். அடுத்த அனுப்புதல் எப்போது என்பதை முன்கூட்டியே குறித்துவைத்து, மீதி நேரத்தை மட்டும் டைம்அவுட்டாகக் கொடுத்தால் இந்த இரண்டும் தீரும்.

மூன்றாவதற்கு அந்த வைத்தியம் போதாது. இணையம் தடுமாறி அனுப்பும் வேலையே சிக்கிக்கொண்டால் சுற்று முழுதும் நிற்கும். அளவு எடுப்பதும் நிற்கும். அனுப்புவதை மட்டும் தனி த்ரெட்டுக்கு, அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னொரு இழைக்கு, மாற்றி, இடையில் ஒரு வரிசை வைப்பதே இங்கே பொருந்தும். எல்லாவற்றையும் த்ரெட்டுகளாகப் பிரிப்பதை நான் ஏற்கமாட்டேன். டைம்அவுட் இல்லாமல் மீட்டரிடம் சிக்கிய த்ரெட்டைப் பத்திரமாக நிறுத்துவது கடினம். நோய் இடம் மாறுமே தவிர தீராது.

டைம்அவுட்டின் பெரிய பயன், பதில் வராததையும் நேரத்தோடு பதிய முடிவதுதான். பலர் அந்த இடத்தில் பழைய அளவையே மறுபடி அனுப்பிவிடுகிறார்கள். கண்காணிப்பு அங்கேயே பொய்யாகிறது. இப்படியொரு நிரலை வாங்குபவர் கையெழுத்திடுமுன் மீட்டர் கேபிளைப் பிடுங்கி அரைமணி நேரம் பார்க்கட்டும். 'பதில் இல்லை' என்ற பதிவு இருமுறை குறித்த நேரத்தில் போய்ச் சேர்ந்தால் பணம் கொடுக்கலாம்.