சிலம்பில் ஒரு குடித்தனம்: மாதரி வீடும் மதுரைத் தெருவும்

சிலப்பதிகாரத்தில் நகர வாழ்க்கை என்று யாராவது பேச எழுந்தால் புகாரின் மருவூர்ப் பாக்கத்தையும் பட்டினப் பாக்கத்தையும் சொல்வார்கள். நாளங்காடி, அல்லங்காடி சொல்வார்கள். மதுரைக்கு வந்ததும் ஊர்காண் காதையின் மணிக்கடைத் தெருவை அடுக்கிக் கைதட்டு வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள். மும்பைத் தமிழ் மேடைகளில் நாற்பது வருஷமாக இதைக் கேட்டுவருகிறேன். பட்டிமன்றம் என்றால் கண்ணகியா மாதவியா என்பார்கள். மாதரியா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் ஒண்டுக் குடித்தனமாக வாழ்க்கையைத் தொடங்கிய நமக்கு, அந்த நூலில் மிக நெருக்கமான இடம் கொலைக்களக் காதையின் முற்பகுதி என்பது என் துணிபு. காதையின் பெயரே கொலைக்களம் என்று இருப்பதால் படிக்கிறவர்கள் வெட்டு விழும் இடத்துக்கு ஓடிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு வீடு பார்த்து, அடுப்பு மூட்டி, இலை போட்டு ஒரு குடித்தனம் தொடங்குகிறதே, அங்கே யாரும் நிற்பதில்லை.

முதலில் கோவலன் கண்ட மதுரையைப் பார்ப்போம். வியாபாரிக் கண் உள்ளவன் ஊர்காண் காதையைப் படித்தால் இளங்கோவடிகளைக் கையெடுத்துக் கும்பிடுவான். வைரத்தில் என்னென்ன குற்றம் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பொன்னில் நான்கு வகை சொல்கிறார். துணித் தெருவில் பருத்தி நூல், மயிர் நூல், பட்டு நூல் என்று பிரித்து அடுக்குகிறார். கூல வீதியில் தராசுக்காரன் யார், பறை வைத்திருப்பவன் யார், அம்பணத்தால் அளப்பவன் யார் என்று ஆள் ஆளாகக் காட்டுகிறார். பாத்திரக் கடையில் ஆயுசைக் கழித்த எனக்கே, இவர் துறவியா, கடைத்தெருவில் வளர்ந்தவரா என்று சந்தேகம் வரும்.

ஆனால் கோவலன் எதற்காக ஊருக்குள் போனான்? வேடிக்கை பார்க்கவா? இல்லை. மதுரை வணிகர்களிடம் என் நிலைமையைத் தெரிவித்துவிட்டு வருகிறேன், அதுவரை இவளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கவுந்தியடிகளிடம் கண்ணகியை விட்டுவிட்டுப் போனான். போன காரியம் ஒன்று. கணிகையர் வீதி பார்த்தான், மணி வீதி பார்த்தான், பொன் வீதி பார்த்தான், நாற்சந்தி முச்சந்தி எல்லாம் சுற்றினான், ஊரைக் கண்டு மகிழ்ந்தான், மதிலுக்கு வெளியே திரும்பி வந்தான். யாரையாவது பார்த்துப் பேசினானா? பேசியதாக ஒரு சொல் இல்லை. மாசாத்துவான் மகன் வந்திருக்கிறேன் என்று ஒரு கடைப்படி ஏறிச் சொல்லவில்லை. கப்பல் வணிகம் செய்த குடும்பங்களுக்குள் அந்தப் பெயர் செல்லாக்காசா? கையில் காசில்லாமல் அப்பா பெயரைச் சொல்ல வெட்கப்பட்டிருப்பான் என்று நினைக்கிறேன். ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்த வெட்கம் நன்றாகத் தெரியும். கல்யாண் ஸ்டேஷனில் இறங்கியவன் சொந்தக்காரர் விலாசத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே நாலு நாள் சுற்றுவான்.

அடைக்கலக் காதையில் கவுந்தியடிகளும் மாடலனும் சேர்ந்து சொல்கிறார்கள்: இது துறவிகள் தங்கும் இடம், உனக்குச் சரிப்படாது, பொழுது சாய்வதற்குள் நகருக்குள் போ, உன் பெயரைக் கேட்டால் வணிகர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்று. இரண்டு பெரியவர்கள் சொல்லியும் அவனாக யாரையும் தேடிப் போகவில்லை. அந்த நேரத்தில் தற்செயலாக வருகிறவள்தான் மாதரி.

மாதரி எங்கிருந்து வருகிறாள் என்பதை நம் சமண அன்பர்கள் கவனிக்க வேண்டும். அவள் இடைக்குலப் பெண், கண்ணனைக் கும்பிடுகிற குடி. ஆனால் ஊர்ப்புறத்து இயக்கிக்குப் பால்சோறு படைத்துவிட்டுத் திரும்பி வருகிறாள். வழியில் கவுந்தியைப் பார்த்து வணங்குகிறாள். இந்தச் சமயம் அந்தச் சமயம் என்ற கணக்கெல்லாம் மேடையில் பேசுகிறவர்களுக்கு. தெருவில் இருக்கிறவளுக்கு இயக்கியும் வேண்டும், கண்ணனும் வேண்டும்.

கவுந்தியடிகள் சொல்வதன் சாரம் இதுதான்: இவள் கணவனுடைய தகப்பன் பெயரைக் கேட்டால் இவ்வூர்ச் செல்வர்கள் பெறற்கரிய பொருள் கிடைத்ததுபோல் அழைத்துக்கொள்வார்கள், அதுவரைக்கும் உன் வீட்டில் வை. அவ்வளவுதான் ஜாமீன். டெபாசிட் இல்லை, பகடி இல்லை, 11 மாத அக்ரிமெண்ட் இல்லை, போலீஸ் வெரிஃபிகேஷன் இல்லை. மாதரி கூட்டிக்கொண்டு போகிறாள்.

போனவுடன் என்ன செய்கிறாள்? மோர் விற்றுப் பிழைக்கும் ஆய்ச்சியர் கூட்டமாக இருக்கும் வீட்டில் வைக்காமல், செம்மண் பூசிப் பந்தல் போட்ட ஒரு சிறு வீட்டைத் தனியாக ஒதுக்கித் தருகிறாள். கண்ணகியை நீராட்டுகிறாள். பிறகு அவள் சொல்வதுதான் எனக்கு இந்தக் காப்பியத்திலேயே மிகவும் பிடித்த பேச்சு. வந்தவர் சாவக நோன்பி, பகலிலேயே உண்ண வேண்டியவர், ஆகவே சமையலுக்கு நல்ல பாத்திரங்களைத் தாமதிக்காமல் கொடுங்கள் என்கிறாள். சாவகன் என்பது இல்லறத்தில் இருந்துகொண்டு சமண விரதம் காப்பவனைக் குறிக்கும் சொல். பொழுது சாய்ந்தபின் உண்ணாமை எங்கள் வீடுகளில் இன்றும் பெரியவர்கள் காப்பாற்றிவரும் விரதம். அது ஒரு இடைச்சிக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததோடு நிற்காமல் அவசரப்படுத்துகிறாள், ஏனென்றால் சூரியன் காத்திருக்க மாட்டான்.

பிறகு வந்த பொருள்களைப் பாருங்கள். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, அவர்கள் வீட்டுப் பால்படு பொருள். இதில் மண்ணுக்கு அடியில் விளைவது ஒன்றுகூட இல்லை. கிழங்கு இல்லை, வெங்காயம் இல்லை. மும்பை ஓட்டல்களில் இப்போது ‘ஜெயின் பாவ் பாஜி’ என்று தனி வரி எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த வரியை மாதரி மெனு கார்டு இல்லாமலே எழுதிவிட்டாள். இளங்கோ யோசித்துத்தான் பட்டியல் போட்டார் என்பது என் கருத்து. நகை பட்டியலிலும் குற்றம் பார்த்தவர், காய்கறிப் பட்டியலில் கவனமில்லாமல் இருப்பாரா?

அந்தப் பேச்சில் இன்னொரு சொல். ஐயையைக் கண்ணகிக்கு ‘நாத்தூண் நங்கை’ என்கிறாள். இன்றைய நாத்தனார்தான் அது. நாத்தனார் என்றால் வம்புக்காரி என்று டி.வி. சீரியல்கள் நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டன. இளங்கோவின் நாத்தனார் வைக்கோல் போட்டு அடுப்பு மூட்டித் தருகிறவள். வந்து இறங்கிய கையோடு உறவுமுறை வைத்தாகிவிட்டது. மாட்டுங்கா மார்க்கெட்டில் பூ வாங்கும்போது முன்பின் தெரியாதவரை மாமி என்று கூப்பிடுகிறோம்; தாராவி 90 அடி சாலைப் பக்கம் நெல்லைக்காரர் அடுத்த வீட்டுப் பெண்ணை மதினி என்கிறார். ரத்த சம்பந்தம் கிடையாது, ஆனால் பிரசவத்துக்கு ராத்திரி டாக்ஸி பிடிக்க வருகிறவர்கள் அவர்கள்தான்.

கண்ணகி சமைக்கிறாள். காய் நறுக்கி விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, புகையில் கண் சிவக்கிறது. ஏழடுக்கு மாடத்தில் இருந்தவள். கோவலனை ஓலைத் தடுக்கில் உட்கார வைத்துக் கால் கழுவி, குருத்து வாழை இலை போட்டுப் பரிமாறுகிறாள். பக்கத்தில் நின்று பார்க்கும் மாதரிக்கும் ஐயைக்கும் அவன் உண்பது ஆயர்பாடிக் கண்ணன் உண்பது போல் தோன்றுகிறது. சாப்பிடுகிறவன் சமண நோன்பி. பார்க்கிறவர்களுக்கு அவன் தங்கள் தெய்வம். இரண்டில் எதையும் கலைக்க இளங்கோ முயலவில்லை.

இங்கே நம் ஊர்ப் பேச்சு ஒன்று பேசியாக வேண்டும். மும்பையில் சில கட்டடங்களில் மாமிசம் உண்பவருக்கு வீடு கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். என் சமயத்தாரும் அதில் முன்னால் நிற்கிறார்கள். எனக்குத் தெரிந்த திருநெல்வேலிப் பையன் ஒருவன் வீடு தேடிப் போனபோது சொசைட்டியில் சம்பளத்தை விசாரிப்பதற்கு முன்னால் மீன் சாப்பிடுவாயா என்றுதான் கேட்டார்கள். சட்டமும் ஒருவகையில் இடம் தருகிறது. 2005-ல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்க வழக்கில், தன் சமூகத்தாரை மட்டும் உறுப்பினராக்கும் விதி செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விரதம் காப்பவனுக்குச் சூழல் வேண்டும் என்று என் நண்பர்கள் வாதிடுகிறார்கள். மாதரியும் தனி வீடுதானே கொடுத்தாள் என்று ஒருவர் என்னையே மடக்கப் பார்த்தார்.

கொடுத்தாள்தான். அது விரதத்துக்காகவா, செல்வர் வீட்டுப் பெண் கூட்டத்தில் கஷ்டப்படக் கூடாது என்பதற்காகவா என்று மூலத்தில் பிரித்துச் சொல்லவில்லை, இரண்டும் இருக்கலாம். ஆனால் சிறுவீட்டுக்கு வெளியே இருக்கிறவர்கள் யாரையும் யாரும் கிளப்பவில்லை. தனி வீட்டின் அடுப்பை மூட்டியவள் ஐயைதான். நாங்கள் நோன்பிகள், நீ தொடாதே என்று கண்ணகி சொல்லவில்லை. விரதம் இலையோடு நின்றது, தெரு வரைக்கும் நீளவில்லை. சிலம்பைச் சமணக் காப்பியம் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் நாங்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

சாப்பிட்ட பின் கோவலன் ஒற்றைச் சிலம்போடு புறப்படுகிறான். எதிரே திமில் காளை பாய வருகிறது. அது தீநிமித்தம் என்று அவனுக்குத் தெரியாது, அவன் குலத்தில் அப்படி ஒரு வழக்கம் இல்லாததால் என்று இளங்கோ காரணமும் சொல்கிறார். குடிவந்த தெருவின் பாஷை அவனுக்குப் பழகவில்லை. ஒரு மாதம் அங்கே இருந்திருந்தால் வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவி ஒருத்தி, இப்போது போகாதே தம்பி என்று சொல்லியிருப்பாள்.

கடைவீதியில் நூறு கொல்லர் பின்னால் வர, சட்டை போட்டுக் கையில் கோலோடு ஒருவன் வருகிறான். அந்த ஆடம்பரத்தைப் பார்த்தே இவன் அரண்மனைப் பொற்கொல்லன் என்று கோவலன் முடிவு செய்கிறான். வியாபாரத்தில் இதைவிட ஆபத்தான முடிவு கிடையாது. தெரியாத ஊரில் விலையுயர்ந்த சரக்கை விற்கும்போது, இவரை எனக்குத் தெரியும் என்று சொல்ல நடுவில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்களைத் தேடித்தான் முதல்நாள் போனான், பேசாமல் திரும்பினான்.

ஊழ்வினை என்று எல்லாரும் சொல்கிறார்கள். இளங்கோவும் சொல்கிறார், நானும் மறுக்கவில்லை, வினைக் கொள்கை எங்களுக்கு அரிச்சுவடி. ஆனால் ஊழ் எந்த வழியாக வந்தது என்று அவர் காட்டும் இடங்களை விட்டுவிட்டு ஊழ் என்று ஒரு சொல்லில் முடிப்பது படிப்பாகாது. ஆய்ச்சியர் குரவையின் தொடக்கத்தைப் பாருங்கள். காலை முரசு கேட்கிறது. அரண்மனைக்கு நெய் கொடுக்கும் முறை இன்று நமக்கு என்று மாதரி மகளைக் கூப்பிட்டுக்கொண்டு மத்தும் கயிறுமாக வருகிறாள். அதாவது கோவலன் தங்கியிருந்த வீடு அரண்மனைக்கு நெய் அளக்கிற வீடு! அவளுடைய விருந்தாளியைத்தான் அரண்மனைக் காவலர் வெட்டினார்கள். இந்த இரண்டையும் சேர்த்து வைத்து ஒரு பேச்சாளர் பேசி நான் கேட்டதில்லை. காவலர்களே, இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். கொல்லன் களவு நூல் பேசுகிறான். ஆனால் நீ யார், எங்கே தங்கியிருக்கிறாய் என்று ஒருவரும் கோவலனைக் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. கல்வியறிவில்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

ஒரு குறையும் சொல்லவேண்டும். அத்தனை கோவலர் வாழும் பாடியில், நானும் கூட வருகிறேன் என்று ஓர் ஆண்பிள்ளை எழுந்திருக்கவில்லை. இந்தக் குடித்தனம் முழுவதும் பெண்களாலேயே நடக்கிறது. பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை என்று பயந்தபோது குரவை ஆடுவதும் பெண்கள். புதிதாக வந்த கண்ணகி பார்க்கட்டும் என்று அவளையும் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். செய்தி கேட்டு ஓடிவந்து சொல்ல முடியாமல் நிற்பவளும் பெண். கண்ணகிக்கு அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு தெரு கிடைத்துவிட்டது. கோவலனுக்குக் கிடைத்ததெல்லாம் கடைவீதி. இளங்கோ ஆண்களை மறந்தார் என்று நான் நினைக்கவில்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்.

அடைக்கலம் இழந்தேன் என்று மாதரி நள்ளிரவில் தீப்புகுந்தாள், கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். வஞ்சியில் கண்ணகி கோயிலுக்கு ஐயை வந்து நிற்கிறாள். தேவந்தி அவளைக் கண்ணகிக்குக் காட்டி அழும்போது, மாமி மகள் என்றே சொல்கிறாள். மாதரி வைத்த முறை மாறவே இல்லை. தாய் போன பின் ஐயை மதுரையில் எப்படி இருந்தாள், செம்மண் பூசிய அந்தச் சிறுவீட்டில் பிறகு யாராவது குடிவந்தார்களா என்று இளங்கோ சொல்லவில்லை.